டெங்காலி: ஓர் எழுத்து மாற்றத்தின் வரலாறு

1964 மார்ச்சில் பென்னட், கோல்மன் நிறுவனம் இந்திரஜால் காமிக்ஸைத் தொடங்கியபோது அதன் பதிப்பாசிரியர்கள் ஒரு சிக்கலை எதிர்கொண்டனர். அவர்கள் வெளியிட எடுத்துக்கொண்ட அமெரிக்கப் படக்கதை நிகழும் நாட்டின் பெயர் ‘பெங்காலி’. அக்கதையின் தீராப் பகைவர்கள் ‘சிங்’ என்னும் கடற்கொள்ளைக் கூட்டத்தார். நாயகனின் தந்தையைக் கொன்றவனுக்கோ ‘ராமா’ என்று பெயர். மூன்று பெயர்களும் மாற்றப்பட்டன. பெங்காலி ‘டெங்காலி’ ஆயிற்று, சிங் ‘சிங்கா’ ஆயிற்று, ராமா ‘ராமலு’ ஆனான்.

மொழியியல் பயின்றவர்களுக்கு இம்மாற்றங்களின் சிக்கனம் உடனே கண்ணில் படும். முதற்பெயரில் ஓர் ஒலியன் மட்டும் மாறியிருக்கிறது. இரண்டாவதில் ஈற்றில் ஓர் உயிர் சேர்ந்திருக்கிறது. மூன்றாவதில் ஓர் அசை ஒட்டப்பட்டிருக்கிறது. உரையாடல் குமிழுக்குள் ஓரெழுத்தைச் சுரண்டி வேறோர் எழுத்தை வரைந்தால் வேலை முடிந்தது என்ற அச்சகத் தந்திரமும் இதில் இருந்திருக்கலாம். ராமுலு என்று பிள்ளைகளுக்குப் பெயரிடும் தெலுங்கு நாட்டார் கொலைகாரன் ராமலுவை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பது பதிப்பாசிரியர்களுக்குத் தோன்றவில்லை போலும்.

இப்பெயர் மாற்றங்கள் இந்தியக் காமிக்ஸ் ஆர்வலர்கள் பலரும் அறிந்தவைதான். பெரும்பாலும் ஒரு சுவையான துணுக்காக நினைவுகூரப்படுகின்றன. அத்துணுக்கைச் சற்று நிறுத்தி வாசிக்க வேண்டும் என்பதே இப்பதிவின் நோக்கம். எவை மாற்றப்பட்டன என்பதோடு எது மாற்றப்படாமல் விடப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நம் தலைமுறைக்கு முந்தைய இரண்டு தலைமுறை இந்திய வாசகர்கள் யாருடைய இடத்தில் நின்று இக்கதையை வாசித்தார்கள் என்பது தெளிவாகும்.

தொடர் எதுவென்று இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் பேண்டம். தமிழில் வேதாளர் என்றும், ராணி காமிக்ஸ் வாசகர்களுக்கு முகமூடி வீரர் மாயாவி என்றும் அறிமுகமானவர். லீ ஃபால்க் உருவாக்கிய இப்பாத்திரம் 1936 பிப்ரவரி 17 அன்று கிங் ஃபீச்சர்ஸ் நிறுவனத்தின் வழியாக அமெரிக்க நாளிதழ்களில் முதலில் தோன்றியது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பே மாண்ட்ரேக் என்னும் மாயக்காரனை அவர் படைத்திருந்தார். மிசௌரி மாநிலத்துச் செயின்ட் லூயிஸ் நகரைச் சேர்ந்த ஃபால்க், தம்மை உலகம் சுற்றியவர் என்று விளம்பரப்படுத்திக்கொண்டார். உண்மையில் மாண்ட்ரேக்கை விற்க நியூயார்க் சென்றதுதான் அதுவரை அவர் மேற்கொண்ட மிக நீண்ட பயணம். ஆக, அவருடைய கிழக்குலகம் புத்தகங்களால் ஆனது. புலியும் சிங்கமும் மகாராஜாவும் பிக்மியும் ஒரே காட்டில் வாழ முடிந்ததன் காரணம் அதுவே. இதைக் குறையாகச் சொல்லவில்லை. கற்பனைக் கதைக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் புத்தகங்களால் ஆன ஓர் உலகில் எந்தப் புத்தகங்கள் குடியிருக்கின்றன என்று கேட்கும் உரிமை நமக்கும் உண்டு.

தோற்றக் கதையிலிருந்து தொடங்குவோம். தொடரில் நிலைபெற்றுவிட்ட மரபின்படி, 1536இல் ஓர் ஆங்கிலேயக் கப்பல் பெங்காலிக் கரையருகே சிங் கொள்ளையரால் தாக்கப்படுகிறது. கப்பல் தலைவர் கொலம்பஸிடம் சிறுவனாக ஏவல் பார்த்தவர். அவர் கொல்லப்பட, அவருடைய மகன் மட்டும் உயிரோடு கரையொதுங்குகிறான். பந்தார் என்னும் குள்ளர் குடியினர் அவனைப் பேணிக் காக்கிறார்கள். தந்தையைக் கொன்றவனின் மண்டையோட்டைத் தொட்டு அவன் ஒரு சூளுரைக்கிறான். கடற்கொள்ளையையும் கொடுமையையும் ஒழிப்பதே இனித் தன் வாழ்வு. தனக்குப் பின் தன் வழித்தோன்றல்கள் அதைத் தொடர்வார்கள். தந்தைக்குப் பின் மகனாக இருபத்தோரு தலைமுறைகள் அதே முகமூடியை அணிகின்றன. வெளியுலகம் ஒரே மனிதன் நானூறு ஆண்டுகளாகச் சாகாமல் வாழ்வதாக நம்புகிறது.

1536 என்னும் ஆண்டை வரலாற்று மாணவர் எவரும் எளிதில் கடந்துவிட முடியாது. அவ்வாண்டில் வங்கக் கடலில் ஆங்கிலேயக் கப்பல் ஏது? இந்தியாவில் வந்து தங்கியதாக அறியப்படும் முதல் ஆங்கிலேயரான தாமஸ் ஸ்டீபன்ஸ் என்னும் சேசு சபைத் துறவி கோவாவை அடைந்தது 1579இல். ரால்ஃப் ஃபிட்ச் இலண்டனிலிருந்து புறப்பட்டது 1583இல். கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பட்டயம் கிடைத்தது 1600இன் இறுதியில். முதல் வேதாளர் கரையொதுங்கிய காலத்தில் கிழக்குக் கடல்களில் இங்கிலாந்துக்கு வணிகமும் இல்லை, படையும் இல்லை.

அங்கு இருந்தவர்கள் போர்ச்சுக்கீசியர். சரியாக 1536–37இல்தான் வங்கத்துச் சுல்தான் கியாசுத்தீன் மகமூது ஷா, ஷேர் கானுக்கு எதிராகப் படையுதவி பெறுவதற்காக, சட்டகிராமத்திலும் சப்தகிராமத்திலும் பண்டகசாலை அமைக்கவும் சுங்கம் திரட்டவும் போர்ச்சுக்கீசியருக்கு இசைவு தந்தார். அடுத்த நூறாண்டுகளில் வங்கக் கழிமுகத்தில் கடற்கொள்ளை என்றால் என்ன என்பதை வங்க மொழியே சொல்லும். கொள்ளையனைக் குறிக்கும் ‘ஹார்மாத்’ என்னும் வங்கச் சொல், கப்பற்படையைக் குறிக்கும் ‘அர்மாடா’ என்னும் போர்ச்சுக்கீசியச் சொல்லின் திரிபு. பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றிய முகுந்தராம் சக்ரவர்த்தியின் சண்டிமங்கலத்தில் இச்சொல் இடம்பெற்றுவிட்டது. அங்கே வணிகனின் மரக்கலம் இரவோடு இரவாக, அவர்களுக்கு அஞ்சி, ஆற்றைக் கடக்கிறது. அரக்கானிய மகர்களும் பிரங்கிகளும் கூட்டுச் சேர்ந்து கழிமுக ஊர்களைச் சூறையாடினர். பிடிபட்டவர்களின் உள்ளங்கைகளைத் துளைத்துப் பிரம்புக் கீற்றைக் கோத்து, அவர்களைக் கப்பலின் அடித்தட்டில் அடுக்கிக் கொண்டுபோனதைச் சிகாபுத்தீன் தாலிஷ் என்னும் பாரசீக மொழி வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். தக்காணத் துறைமுகங்களில் அம்மனிதர்களை விலைக்கு வாங்கியவர்கள் ஐரோப்பிய வணிகர்கள் என்றும் அவர் குறிக்கிறார். 1666இல் சாயிஸ்தா கான் சட்டகிராமத்தைக் கைப்பற்றிய பிறகே அக்கொள்ளை தணிந்தது.

இந்தப் பின்னணியில் ஃபால்க்கின் தோற்றக் கதையை மீண்டும் வாசித்தால் ஒரு தலைகீழாக்கம் தெரிகிறது. கொள்ளையர் ஆசியர், கொள்ளையுண்டவர் ஐரோப்பியர். கொள்ளையனின் பெயர் சிங். அது அரிமாவைக் குறிக்கும் வடசொல்லின் வழிவந்தது. இராசபுத்திரரும் சீக்கியரும் சூடும் பெயர். இரண்டுமே கடலோடு தொடர்பற்ற நிலப்பகுதிகளைச் சேர்ந்தவை. ஃபால்க் வரலாற்றைத் தெரிந்தே திரித்தார் என்று வாதிடுவதற்கில்லை. 1936இல் அமெரிக்காவில் அமர்ந்து நாளிதழுக்குப் படக்கதை எழுதிய இளைஞர் தாலிஷைப் படித்திருக்க வேண்டிய தேவை என்ன? அவர் படித்த புத்தகங்கள் ஏற்கெனவே அத்திசையில் சாய்ந்திருந்தன. இயல்பாக எழுதினாலே கதை அப்படித்தான் வந்து விழும்.

இதன் விளைவு சிறிதன்று. பிளாசிக்கு இருநூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே ஓர் ஆங்கிலேயன் கிழக்கில் வேரூன்றுகிறான். அவன் வணிகனாக வரவில்லை, படையோடு வரவில்லை. தந்தையை இழந்த அகதியாக, கரையில் மயங்கிக் கிடந்தவனாக வருகிறான். அவனுடைய ஆட்சிக்கு அடிப்படை வெற்றியோ ஒப்பந்தமோ வரியோ இல்லை. ஒரு சூளுரை மட்டுமே. எந்தப் பேரரசுக்கும் இதைவிடத் தூய்மையான பிறப்புச் சான்றிதழைத் தயாரிக்க முடியாது.

அடுத்து, பதிப்பாசிரியர்கள் கை வைக்காமல் விட்ட பெயருக்கு வருவோம்.

ஆங்கில இந்திரஜால் இதழ்களில் ‘பந்தார்’ பந்தாராகவே இருந்தது. ஆங்கிலத்தில் எழுதினால் அது இந்தியில் குரங்கைக் குறிக்கும் ‘பந்தர்’ என்னும் சொல்லேதான். வானரம் என்னும் வடசொல்லின் வழிவந்தது. இதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. கிப்ளிங்கின் ஜங்கிள் புக் 1894இல் வெளிவந்தது. மௌக்லி தம்மை ஈர்த்த பாத்திரங்களுள் ஒருவன் என்பதை ஃபால்க் ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்நூலில் குரங்குக் கூட்டத்துக்குக் கிப்ளிங் இட்ட பெயர் ‘பந்தர் லோக்’. அதாவது குரங்கு மக்கள். சட்டம் இல்லாதவர்கள், தலைவன் இல்லாதவர்கள், நினைவாற்றல் இல்லாதவர்கள் என்று அவர்களை அவர் வருணிக்கிறார். ஃபால்க்கின் கைக்கு வந்தபோது பின்னொட்டு உதிர்ந்தது, பெயர் நின்றது, குரங்கு மனிதனாயிற்று. ஒரு காட்டுக்குடிக்கு இட்ட பெயர் குரங்கு.

பாரசீகத்தில் பந்தர் என்றால் துறைமுகம் அல்லவா என்று ஒருவர் கேட்கலாம். பதிற்றுப்பத்தில் வரும் பந்தர் என்னும் பட்டினப் பெயரை அதனோடு தொடர்புபடுத்துவோரும் உண்டு. ஆனால் ஃபால்க்கின் பந்தார்கள் கடலைவிட்டு விலகி, வேறெவரும் நுழைய அஞ்சும் ஆழ்காட்டில் நச்சம்போடு வாழ்பவர்கள். அவர்களுக்குத் துறைமுகத்தைப் பெயராகச் சூட்ட ஒரு காரணமும் இல்லை.

பம்பாயில் அமர்ந்திருந்த பதிப்பாசிரியர்களுக்குப் பந்தர் என்றால் என்னவென்று தெரியாமல் இருந்திருக்க வாய்ப்பே இல்லை. அதே நிறுவனம் இந்தியிலும் இதழை வெளியிட்டது. ராமா என்ற பெயரைக் கொலைகாரனுக்கு வைத்தால் யார் சினம் கொள்வார்கள் என்று அவர்கள் எண்ணிப் பார்த்தார்கள். சிங் என்றால் யார், பெங்காலி என்றால் யார் என்றும் எண்ணினார்கள். பந்தாருக்காகப் பதிப்பகத்தின் வாசலில் வந்து நிற்கக்கூடியவர் எவரும் இல்லை. பெயர் மாற்றத்தின் இலக்கணம் இவ்வளவே: தம் உணர்வு புண்பட்டதாகச் சொல்லும் ஆற்றல் யாருக்கு உண்டோ அவர்களுடைய பெயர் திருத்தப்படும். காட்டில் இருப்பவர்களின் பெயருக்கு அந்த வசதி இல்லை. நம் நாட்டில் பழங்குடிகளுக்கு அக்கம்பக்கத்தார் இட்ட வசைப்பெயர்கள் எப்படி அரசாங்க அட்டவணைகளிலும் இனவரைவியல் நூல்களிலும் நிலைத்தன என்பதை ஆராய்பவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது.

ஃபால்க்குக்கு நியாயம் செய்ய வேண்டும். அவருடைய பந்தார்கள் கிப்ளிங்கின் குரங்குகளைப் போல அறிவற்றவர்கள் அல்லர். அவர்களுடைய தலைவன் குரான் தொடரின் மிகக் கண்ணியமான பாத்திரங்களுள் ஒருவன். வேதாளர் சாகக்கூடிய மனிதர்தாம் என்னும் உண்மை காட்டில் பந்தார்களுக்கு மட்டுமே தெரியும். மற்றக் குடிகள் அனைத்தும் அவரைச் சாவில்லாதவராக நம்புகின்றன. ஆகவே அவர்கள் ஏமாற்றப்பட்டவர்கள் அல்லர், ஏமாற்றத்தின் காவலர்கள். இந்த இடம்தான் என்னை மிகவும் தொந்தரவு செய்கிறது. தங்களை அடிமைப்படுத்தியிருந்த வசாகா என்னும் கூட்டத்தாரிடமிருந்து முதல் வேதாளர் பந்தார்களை விடுவிக்கிறார். அதற்காக அவர் அணிந்த உடை வசாகாக்கள் வணங்கிய தெய்வ உருவின் சாயலில் அமைந்தது. ஒடுக்கியவனின் தெய்வத்தை உடுத்திக்கொண்டு வந்து விடுதலை தருகிறார். பின்னர் அந்த உடையைக் களையவே இல்லை. விடுவிக்கப்பட்டவர்கள் அடுத்த நானூறு ஆண்டுகள் அவருடைய இரகசியத்தைக் காத்து, அவருடைய குகை வாயிலில் நிற்கிறார்கள்.

சாவில்லாமை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்க நாயகர்களுள் வேதாளர் ஒருவரே சாகிறார். மண்டையோட்டுக் குகையின் உட்பகுதியில் முன்னோர் இருபதின்மரின் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. சூப்பர்மேன் காலத்தால் தேய முடியாதவனாக இருப்பதில் உள்ள கதைச்சிக்கலை உம்பெர்த்தோ எக்கோ 1962இல் எழுதிய கட்டுரையில் விவாதித்தார். ஃபால்க் அச்சிக்கலுக்கு அதற்கு முன்பே ஒரு விடை கண்டிருந்தார். ஆள் சாவான், பதவி சாகாது. இடைக்கால ஐரோப்பிய அரசியல் சிந்தனையில் அரசனுக்கு இரண்டு உடல்கள் என்று கான்டரோவிச் 1957இல் விளக்கியதை நினைவுகொள்க. அழியும் உடல் ஒன்று, அழியாத அரச உடல் ஒன்று. வேதாளரின் முகமூடி அந்த இரண்டாம் உடல். கதை நுட்பமாகப் பார்த்தால் இது அசாத்தியமான கண்டுபிடிப்பு. தந்தையின் நாட்குறிப்பேடுகளை மகன் வாசித்து முன்னோர் கதைகளுக்குள் நுழையும் உத்தியும் இதிலிருந்தே கிளைத்தது. என் மதிப்பீட்டில் தொடரின் மிகச் சிறந்த கதைகள் அந்த நாட்குறிப்புக் கதைகள்தாம். ஆயினும் அவ்வழியில் நமக்குக் கிடைப்பது காட்டில் அமைந்த ஒரு பரம்பரை முடியாட்சி. அதன் குருதிவழி வெள்ளை.

இந்த முடியாட்சி எங்கே நடக்கிறது என்பது மெல்ல நகர்ந்தது. பெங்காலி என்றும் பெங்கல்லா என்றும் எழுதப்பட்ட நாடு, 1960களில் ‘பங்கல்லா’ என்ற பெயரோடு ஆப்பிரிக்காவில் போய் அமர்ந்தது. 1960ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் ஆப்பிரிக்காவில் பதினேழு நாடுகள் விடுதலை பெற்றன. நாளிதழ்ப் படக்கதை அதைக் காணாமல் இருக்க முடியவில்லை. ஃபால்க் அக்காலத்தில் லமாண்டா லுவாகா என்னும் மருத்துவரைப் பங்கல்லாவின் தேர்ந்தெடுக்கப்பட்ட அதிபராகவும், பபாபு என்னும் தளபதியை ஆட்சியைப் பறிக்கத் துடிப்பவராகவும் படைத்தார். மாண்ட்ரேக்கின் தோழன் லோத்தாரும் அவ்வேளையில் மாறினான். 1934இல் சிறுத்தைத் தோலும் துருக்கித் தொப்பியும் அணிந்து, உடைந்த ஆங்கிலம் பேசிய ஆப்பிரிக்க இளவரசன், 1965 முதல் இலக்கணப் பிழையின்றிப் பேசத் தொடங்கினான். இவை உண்மையான திருத்தங்கள். அக்காலத்து அமெரிக்கப் படக்கதைகளோடு ஒப்பிட்டால் ஃபால்க் தாராளச் சிந்தனையாளர் என்பதில் ஐயமில்லை.

ஆனால் குடியரசான பங்கல்லாவில் காட்டுக் காவற்படை என்று ஒன்று இருக்கிறது. ஆறாம் வேதாளர் நிறுவியது. அப்படைக்கு ஆணையிடுபவர் யாரென்று படையினருக்குத் தெரியாது. தலைமையகத்தில் ஓர் இரும்புப் பெட்டகம் உண்டு. அதன் அடியில் ஒரு சுரங்கவழி. அவ்வழியே வரும் வேதாளர் ஆணைத்தாளைப் பெட்டகத்தில் வைத்துவிட்டுச் செல்கிறார். தேர்தலில் வென்ற அதிபர் தலைநகரில் இருக்கிறார். காட்டில் ஆயுதப்படைக்கு ஆணையிடுவது ஒரு பெட்டகம். விடுதலை பெற்ற நாடுகளின் மீது பழைய அதிகாரம் எப்படித் தொடர்ந்தது என்று வகுப்பில் விளக்க நேர்ந்தால், நான் அந்தப் பெட்டகத்தின் படத்தையே காட்டுவேன்.

இந்தியாவில் 1940களில் இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி வழியாகவே இக்கதை நுழைந்திருந்தது. 1964க்குப் பிறகு இந்திரஜாலின் முதல் முப்பத்திரண்டு இதழ்களிலும் வேதாளர் ஒருவரே நாயகர். இதழ் 1990 வரை நீடித்தது. அவ்வளவு நீண்ட காலம், அவ்வளவு பரவலாக, இந்தியச் சிறார் ஒரு வெளிநாட்டு நாயகனோடு ஒன்றியதற்கு வேறு எடுத்துக்காட்டுக் காண்பது அரிது. இங்கேதான் டெங்காலி என்னும் அந்த ஓரெழுத்து மாற்றத்தின் பணி புலப்படுகிறது. மூலத்தில் இந்திய வாசகனுக்கு ஓர் இடம் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருந்தது. அவன் பெங்காலியின் குடிமகன், சிங்கின் உறவினன், ராமாவின் பெயரன். அதாவது ஆளப்படுபவன் அல்லது அடிபடுபவன். மூன்று பெயர்களை அழித்ததும் அந்த இருக்கை காலியாயிற்று. அவன் எழுந்துபோய் வேதாளரின் அருகே அமர்ந்துகொண்டான். அவன் விட்டுச்சென்ற இருக்கையில் டெங்காலிக்காரன் உட்கார்த்தப்பட்டான். நிறம் கறுப்பு, வாழிடம் எங்கோ ஆப்பிரிக்கக் காடு.

ஃபானோன் 1952இல் எழுதிய நூலில், படக்கதைகளை வாசிக்கும் அண்டிலீசுக் கறுப்பினச் சிறுவன் காட்டுமிராண்டிகளிடம் சிக்கிய வெள்ளை ஆய்வுப் பயணியோடுதான் ஒன்றுகிறான் என்று காட்டினார். தான் அந்தப் படத்தில் எங்கே வரையப்பட்டிருக்கிறோம் என்பது அவனுக்கு ஐரோப்பாவில் கால்வைத்த பிறகே உறைக்கிறது. நம்முடைய நிலை ஒருவகையில் இன்னும் வசதியானது. எங்கே வரையப்பட்டிருக்கிறோம் என்பது தெரியாதபடி பதிப்பாசிரியரே முன்கூட்டி அழித்துத் தந்துவிட்டார். டொனால்ட் டக்கை ஏகாதிபத்தியப் பிரதியாக வாசித்த டோர்ஃப்மன், மத்தலார் இருவரின் 1971ஆம் ஆண்டுச் சிலி நாட்டு நூலை நம் ஆய்வரங்குகளில் ஓயாமல் மேற்கோள் காட்டுகிறோம். ஆனால் அங்கே சிக்கல் வெளியிலிருந்து வந்த பிரதியோடு. இங்கே சிக்கல் உள்ளூர்த் திருத்தத்தோடு. முன்னதன் கருவிகளைப் பின்னதற்கு அப்படியே பொருத்தினால் பதிப்பாசிரியர் என்னும் நடுமனிதர் காணாமல் போய்விடுவார்.

மொழிபெயர்ப்பாளர்கள் இட்ட பெயர்களையும் பார்க்கலாம். இந்தியில் அவர் வேதாள். விக்கிரமாதித்தன் கதையிலிருந்து வந்த பெயர். வங்கத்தில் அவர் அரண்யதேவ், காட்டுக் கடவுள். தம் நாட்டின் பெயரே கதையில் அடிமை நாட்டுக்குச் சூட்டப்பட்டிருந்த வங்காளியர், நாயகனைக் கடவுளாக்கிக்கொண்டார்கள். தமிழில் நடந்தது இலக்கணத்தின் வழியாக நடந்தது. வேதாளம் என்பது நமக்கு அஃறிணை. முருங்கை மரத்தில் ஏறும், கேள்வி கேட்கும், விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலையை வெடிக்கச் செய்யும். அதிலிருந்து ‘அம்’ ஈற்றைக் களைந்து ‘அர்’ சேர்த்ததும் வேதாளர் பிறந்தார். திணை மாறியது, பன்மை மதிப்பு வந்து சேர்ந்தது, அவரைப் பற்றிய வினைமுற்று ஒவ்வொன்றும் ‘ஆர்’ என்று முடிய வேண்டியதாயிற்று. ஆங்கில மூலத்தில் இப்படியொரு மரியாதைக்கு உருபே இல்லை. அதை நம் மொழி தன் கையிலிருந்து கொடுத்தது.

இதெல்லாம் ஒரு சிறார் இதழைப் பற்றிய அளவுகடந்த கவலை என்று நினைப்பவர்களுக்கு ஒரு நிகழ்வை நினைவூட்டுகிறேன். 2017 மார்ச்சில் கிரேட்டர் நொய்டாவில் ஒரு பதின்பருவ மாணவன் காணாமல் போனபோது, அண்டையில் வாழ்ந்த நைஜீரிய மாணவர்கள் அவனைத் தின்றுவிட்டதாக ஒரு வதந்தி கிளம்பியது. மாணவன் இறந்த பிறகு கும்பல்கள் ஆப்பிரிக்க மாணவர்களைத் தாக்கின. அவ்வதந்தியைப் பரப்பியவர்கள் இந்திரஜால் வாசகர்கள் என்று சொல்ல எனக்கு எந்தச் சான்றும் இல்லை. அப்படிச் சொல்வது மூடத்தனம். ஆனால் ஆப்பிரிக்காவைத் தம் வாழ்நாளில் பார்த்திராத மக்களுக்கு, நரமாமிசம் என்னும் குற்றச்சாட்டு கேட்டவுடன் நம்பத்தக்கதாக ஒலித்தது எப்படி? அந்தப் படிமத்தை நமக்கு யாரோ வரைந்து காட்டியிருக்க வேண்டும். டெங்காலியின் காடுகளிலும் தலை வேட்டையாடும், மனிதரைத் தின்னும் குடிகள் உண்டு.

மாற்று முயற்சிகள் நடக்காமல் இல்லை. இந்திரஜாலில் பணியாற்றிய அனந்த் பை 1967இல் அமர் சித்திரக் கதையைத் தொடங்கினார். அது வேறு வகை விவாதம். அதைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. இந்திரஜாலிலேயே 1976இல் ஆபித் சுர்த்தி பகதூரைப் படைத்தார். சம்பல் பள்ளத்தாக்கு, கொள்ளையர், காவலரால் கொல்லப்பட்ட கொள்ளையனின் மகனே நாயகன். கொள்ளையனின் மகன் என்ற அந்த ஒரு தேர்வு வேதாளரின் தோற்றக் கதைக்கு எழுதப்பட்ட மறுப்பாகவே எனக்குப் படுகிறது, சுர்த்தி அப்படி எண்ணினாரோ இல்லையோ.

பப்புவா நியூகினியின் மேட்டுநிலத்தில் வாகி பள்ளத்தாக்கில் வேறொன்று நடந்தது. அங்கு வேதாளர் படக்கதை பெரும் செல்வாக்குப் பெற்றது. 1980களில் குடிகளுக்கிடையே போர் மீண்டும் மூண்டபோது, வாகி மக்கள் தம் போர்க்கேடயங்களில் வேதாளரின் உருவைத் தீட்டினார்கள். மானிடவியலாளர் மைக்கேல் ஓ’ஹான்லன் இக்கேடயங்களை ஆராய்ந்திருக்கிறார். அவர்கள் எந்தப் பெயரையும் அழிக்கவில்லை, இருக்கை மாறி அமரவும் இல்லை. சாவில்லாதவன் என்னும் ஒரு பண்பை மட்டும் கதையிலிருந்து கழற்றி எடுத்துத் தம் கையிலிருந்த பலகையில் பொருத்திக்கொண்டார்கள். 1996ஆம் ஆண்டு ஹாலிவுட் படமோ சிங்கை ‘செங்’ என்று ஓரெழுத்து மாற்றி, கொள்ளையர் தலைவனாக ஜப்பானில் பிறந்த ஒரு நடிகரை நடிக்க வைத்தது. பம்பாய் கண்ட தீர்வு முப்பதாண்டு கழித்து ஹாலிவுட்டுக்கும் எட்டியிருக்கிறது.

என் அடுத்த வேலை பேச்சுவழக்கைப் பற்றியது. மூலத்தில் காட்டுக்குடிகளும் லோத்தாரும் பேசிய உடைந்த ஆங்கிலம், முத்து காமிக்ஸிலும் ராணி காமிக்ஸிலும் என்ன தமிழாக மாறியது? அவர்கள் வேதாளரை ‘நீர்’ என்றார்களா, ‘நீங்கள்’ என்றார்களா? அவர் அவர்களை ‘நீ’ என்றாரா? வினைமுற்றுகளைக் கதை வாரியாகப் பட்டியலிட எண்ணியிருக்கிறேன். 1990க்கு முற்பட்ட இதழ்களை வைத்திருப்பவர்கள், உரையாடல் குமிழ்கள் தெளிவாகத் தெரியும்படி சில பக்கங்களைப் படமெடுத்து, இதழின் பெயரையும் ஆண்டையும் குறித்து உள்பெட்டியில் அனுப்பினால் பேருதவியாக இருக்கும். அட்டை தேவையில்லை, உள்பக்கங்கள் போதும்.